சொல்லி வைத்தவர்கள்

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. சனிக்கிழமை விழுப்புரத்தில் வேலைவாய்ப்பு முகாம். அதற்குள் முடிக்க வேண்டியவை:

பயோடேட்டா ஜெராக்ஸ், பத்து.
போட்டோ. பழையதில் மீசை கறுப்பு, வேண்டாம்.
ஊனச் சான்று, அடையாள அட்டை ஜெராக்ஸ். (எடுத்துப் போகலாம். கேட்காமல் கொடுக்கக் கூடாது.)
கறுப்பு ஷூ.

பயோடேட்டாவில் கடைசி மூன்று வருடத்துக்கு என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம். "சொந்தக் காரணம்" என்று போட்டேன். ஸ்கூல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி லூர்து எட்டிப் பார்த்தாள்.

"லாரி ஏறி இடது காலு முட்டிக்குக் கீழ போச்சுன்னு எழுதுங்களேன். திருட்டு கேஸா அது, மறைக்கறதுக்கு?"

மறைக்கவில்லை. பேன்ட் போட்டு மெதுவாக நடந்தால் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. குடோன் ஸ்டோர்ஸில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் என்று முதலில் பார்க்கட்டும். கால் அப்புறம். இவ்வளவுதான் நான் கேட்பது. இதை லூர்துவிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "சொல்லி வைக்கிறேன்" என்றவர்கள், இன்றோடு பதினொரு பேர். பழைய மேனேஜர் (மூன்று தடவை சொன்னார், ஒன்றாகவே எழுதியிருக்கிறேன்). லூர்துவின் அண்ணன். கோயில் ஃபாதர். எதிர்வீட்டு எல்.ஐ.சி. ஏஜென்ட். மற்றவர்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். யாரிடம் சொன்னார்கள், எங்கே வைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஷூ வாங்கியாயிற்று. பளபளவென்று இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஷூவைப் போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல உடம்பு முன்னால் போகிறது. முட்டி தானாக மடங்குகிறது. ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன்.

செயற்கைக் கால் செய்து கொடுத்த பாஷா பாய்க்குப் போன்.

"ஹீல் ஒசரம் எவ்ளோ சார்?"

அளந்து சொன்னேன்.

"அதான். உங்க கால நான் செருப்பு ஒசரத்துக்கு செட் பண்ணியிருக்கேன். ஹீல் ஏறினா கால் உங்கள முன்னால தள்ளும். பழைய செருப்பே மாட்டிகினு போங்க. ஷூதான் வேணும்னா இங்க வாங்க, திருப்பி செட் பண்ணித் தர்றேன்."

இன்று பட்டறை பாதி நாள்தானாம். போய் வர நேரம் இல்லை. பெல்ட் செருப்போடு இன்டர்வியூவுக்குப் போகிறவனை யார் மதிப்பார்கள். ஒரு நாள்தானே, சமாளிக்கலாம்.

மாலை தூறல். ஐந்து நிமிடம். சூடு கிளம்பியதுதான் மிச்சம்.

ஜூன் 14, சனி

எழுத முடியாத அளவு அலுப்பு. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஏழரை பஸ். மாற்றுத்திறனாளி சீட்டில் ஒரு அம்மா, மடியில் பேரப்பிள்ளை, மல்லாட்டைக் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு. எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. விழுப்புரம் வரை கம்பியைப் பிடித்து நின்றேன்.

காலேஜ் வாசலிலிருந்தே கூட்டம். முக்கால்வாசி இருபது வயசுக்காரர்கள். அப்பாவோடு வந்தவர்களும் உண்டு. ஒரு அப்பா மகனிடம்: "எதக் கேட்டாலும் தெரியும்னு சொல்றா. அப்புறம் கத்துக்கலாம்."

மைக்கில் திரும்பத் திரும்ப: மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி கவுண்டர், பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி. நான் பொது வரிசையில் நின்றேன். ஒரு மணி நேரம். வரிசை நகர நகர ஷூ தள்ளுகிறது, செயற்கைக் காலின் சாக்கெட் உள்ளே தோலை உரசுகிறது. அதற்கு மேல் முடியவில்லை. பின்பக்கம் போனேன். உரிமை, கிரிமை ஒன்றும் இல்லை. அங்கே நாற்காலி இருந்தது, அதனால் போனேன்.

ஷாமியானா. ஒரு மேசை, ஒரு நோட்டு, பேர் எழுதிக்கொள்ள ஒருவர். கம்பெனிக்காரர்கள் யாரும் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் பேரைக் கேட்பதில்லை, ஊனம் எத்தனை பர்சன்ட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்தில் முழங்கை ஊன்றுகோலோடு ஒரு பெண், முப்பத்தைந்து இருக்கும்.

"எத்தன பர்சன்ட் சார்?"

"அறுபது."

"நான் ஐம்பத்தஞ்சு. ஷூ புதுசா? முன்னால தள்ளுது பாருங்க உங்கள."

இரண்டாயிரம் பேர் நடுவில் மறைத்துக்கொண்டு வந்ததை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

பேர் அமுதா. வளவனூர். மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் ஸ்டோர்ஸ் என்ட்ரி. முதுகெலும்பில் ஆபரேஷன், அதற்கப்புறம் கால்களில் பலம் இல்லை, கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஒரு நோட்டு. கம்பெனி பேர், வாசலில் எத்தனை படி, பாத்ரூம் எங்கே, ஆபீஸ் கீழா மாடியா, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். தெரியாத இடத்தில் கேள்விக்குறி.

"மாடியில ஒரு பால் கம்பெனி ஸ்டால் போட்டுகினு இருக்காங்க சார். கூட்டேரிப்பட்டு குடோனுக்கு ஸ்டோர்ஸ் ஆளு வேணுமாம். நம்ம கோட்டாவுல ஒரு எடம். வேலை கீழ்த்தளம். ஆனா ஆளு எடுக்கறது மாடியில." சிரித்தார். "ரெண்டு தபா முயற்சி பண்ணேன், பாதிப் படியில நின்னுட்டேன். நீங்க ஏறுவீங்கல்ல? உங்க பயோடேட்டா குடுக்கும்போது என்னோடதையும் சேத்துக் குடுத்துடுங்க. கொஞ்சம் சொல்லி வைங்க."

"சொல்லி வைக்கிறேன்" என்றேன். வாயில் தானாக வந்தது. தாளை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

இருபத்திரண்டு படி. கைப்பிடி இடது பக்கம் மட்டும். மேலே ஸ்டாலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஹெச்.ஆர். பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மரியாதையாகத்தான் பேசினான்.

"எக்ஸ்பீரியன்ஸ் நல்லாருக்கு சார். மூணு வருஷம் கேப் எதுக்கு?"

சொந்தக் காரணம் என்றேன்.

"ஜெனரல்ல இந்த வயசுக்கு எடம் இல்லீங்க சார். மாற்றுத்திறனாளி கோட்டாவுலதான் ஒண்ணே ஒண்ணு."

பின்னால் வரிசை நின்றது. குனிந்து இடது பேன்ட்டை முட்டி வரை தூக்கிக் காட்டினேன். மூன்று வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே முதல் தடவை. பையன் எழுந்து நின்றுவிட்டான். சான்றிதழ் ஜெராக்ஸை வாங்கி என் பயோடேட்டாவோடு பின் போட்டான். "போன் பண்றோம் சார்."

கீழே வந்ததும் அமுதா: "குடுத்தாச்சா சார்?"

"குடுத்தாச்சு."

"ரொம்ப தாங்க்ஸ் சார். என்னால ஒங்களுக்கு ரெண்டு பேரு பாரம்." போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பார்த்தேன். அமுதாவின் பயோடேட்டா என் ஃபைலிலேயே இருக்கிறது. வலி, அவசரம், பின்னால் ஆட்கள். மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மீதிக் காலில் புண். முன்பக்கம், ரூபாய்க் காசு அளவு. கால் மாட்ட முடியவில்லை. பூசைக்குப் போகவில்லை. லூர்துவும் மகள் ஜெனியும் போனார்கள்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மறக்கவில்லை.

சான்று ஜெராக்ஸ் எடுக்க ஃபைலைத் திறந்தபோது அதுவும் அமுதாவின் பயோடேட்டாவும் சேர்ந்து கையில் வந்தன. அமுதாவுடையது கொஞ்சம் கனமான தாள், மஞ்சள் சாயல், விரலுக்கே வித்தியாசம் தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு" என்று பையன் சொல்லியிருந்தான். அடியில் இருந்ததைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மேலே இருந்ததை மட்டும் இழுத்துக் கொடுத்தேன். யோசித்துச் செய்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அதைப் படித்தேன். சரக்கு வரவு, தேதி முடியும் மருந்துகள் தனிப் பதிவு, கம்ப்யூட்டர் என்ட்ரி, வருடக் கடைசி இருப்புச் சரிபார்ப்பு. எனக்குக் கம்ப்யூட்டர் அரைகுறை. என்னைவிட அவர்தான் பொருத்தம்.

பதினொரு மணிக்கு வாட்ஸாப்: "சார் புண் ஆச்சா? அந்த ஷூவை போடாதீங்க. கம்பெனில என்ன சொன்னாங்க?"

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். அதே கட்டைவிரல்தான்.

மதியம் கறிக்குழம்பு. என் பங்கையும் ஜெனிக்கு வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டோவில் பாஷா பாய் பட்டறை. கிடங்கல் ஊரைத் தாண்டும்போது மழை வருவதுபோல இருட்டி, ஏமாற்றியது.

புண்ணைப் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஷோக்கு பண்றதுக்கு ஒரு காலு போதாதா சார்? நல்லா இருந்த தோல இப்டி பேஜாரு பண்ணி வெச்சிகினீங்களே. சனிக்கெழம வரைக்கும் கால மாட்டாதீங்க. மாட்டினா எங்கிட்ட வராதீங்க."

பட்டியலில் பாஷா பாய் பேர் இல்லை. சொல்லி வைக்கிறேன் என்று சொல்லாத ஒரே ஆள் அவர். இதை இன்றுதான் கவனித்தேன்.

பன்னிரண்டாவது பேர் எழுதினேன், சேவியர். என் பேர்.

ஜெனிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். மறக்காமல்.

அமுதாவிடமிருந்து மறுபடி செய்தி: "சனிக்கிழமை திண்டிவனத்தில் முகாம். ஸ்கூல் ஹால், படி இல்லை, விசாரிச்சிட்டேன். வாங்க சார்." கூடவே வரப்போகும் கம்பெனிகளின் பட்டியல், எது எனக்குச் சரிவரும் என்று டிக் போட்டு.

பதில் போடவில்லை. அவருடைய பயோடேட்டாவைப் பால் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். கவர்கூட எடுத்தேன். கவர் மேசையில் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

பத்தே முக்காலுக்குப் போன். பால் கம்பெனி. திங்கட்கிழமை காலை கூட்டேரிப்பட்டு குடோனுக்கு வரவும், ஒரிஜினல்களோடு. "ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றான் அந்தப் பையன்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். இல்லை என்று எழுதினால் பொய். மூன்று வருடம். தூக்கம் போன ராத்திரிகள், லூர்து ஒருத்தியே பார்த்துக்கொண்ட வீடு. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டேன், யாரும் இல்லை என்றாலும்.

சாயந்திரம் லூர்து கேசரி கிளறினாள். ஜெனி எல்லாருக்கும் போன் போட்டாள். பழைய மேனேஜர் லைனில் வந்தார்: "நான்தான் சொல்லி வெச்சேன்ல?" இருக்கட்டும்.

ஒரிஜினல்களை எடுத்து வைக்க லூர்து ஃபைலைத் திறந்தாள். மஞ்சள் தாள்.

"யாருங்க இது அமுதா?"

சொன்னேன். முழுசாக. அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அவங்க வந்து கேட்டா நான் இன்னான்னு சொல்லட்டும்?"

"நமக்கும் வேணும்ல லூர்து."

"வேணும்தான். நான் வேணாம்னு சொல்லலீங்க." தட்டில் கேசரி வைத்தாள்: "கேசரி ஆறிப்போவுது. சாப்புடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருக்கலாம்.

ஜூன் 21, சனி

திண்டிவனம் முகாம். எனக்கு இனி தேவையில்லை. அமுதாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று போனேன். பழைய பெல்ட் செருப்பு. புண் காய்ந்திருக்கிறது, பஞ்சு வைத்து மாட்டினேன். நடை தேவலை.

நிஜமாகவே படி இல்லை. ஆனால் வாசலில் பைக்குகளை நிறுத்திச் சரிவை அடைத்துவிட்டார்கள். அமுதா வாட்ச்மேனோடு சண்டை போட்டு நகர்த்த வைத்துக்கொண்டிருந்தார். வளவனூரில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் மாறி வந்திருக்கிறார். நாலரை மணிக்கே எழுந்தாராம்.

"வாங்க சார். இப்பதான் பெல்ட் செருப்பு. பாருங்க, நேரா நிக்கிறீங்க."

ஓமந்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு விதைக் கம்பெனியின் மேசைக்குக் கூட்டிப் போனார். "ஸ்டோர்ஸ்ல பன்னெண்டு வருஷம் சார் இவரு" என்று என்னை அறிமுகம் செய்தார். தனக்கு முன்னால் என்னை. அந்த ஆள் என் பேரையும் எழுதிக்கொண்டார். பிறகு அமுதா தன் ஃபாரத்தை நிரப்பினார். கடைசியில், உங்களை நன்கு அறிந்த இருவர்.

"ஒண்ணு பழைய கம்பெனி மேடம். இன்னொண்ணுக்கு உங்க பேர எழுதிக்கவா சார்?"

"என்னை உங்களுக்கு ஒரு வாரமாத்தானே தெரியும்?"

"அது போதாதா?" எழுதிவிட்டார். என் நம்பர் மனப்பாடமாக இருந்தது.

டீ குடித்தோம். நோட்டில் விதைக் கம்பெனி வரிசையைக் காட்டினார். பாத்ரூம் சரி, வாசல் இரண்டு படி, ஆபீஸ் என்ற இடத்தில் கேள்விக்குறி. நோட்டை மூடாமலே கேட்டார்.

"கூட்டேரிப்பட்டுல இருந்து போன் கீன் எதனா வந்துச்சா சார்?"

சொல்லத்தான் போனேன். டீ கையில் இருந்தது, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லியே" என்றேன்.

"சரிங்க சார்." நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். இரண்டு பதினைந்துக்கு ரயில் என்றார். ஊன்றுகோல் சத்தம் ஹால் முழுக்க.

ஜூன் 22, ஞாயிறு

பூசை. ஃபாதரிடம் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். முன்னால் நாலு பேர் இருக்கும்போது கால் வலிக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன். கால் வலிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

மேகம். காற்று கொஞ்சம் உண்டு. எட்டு நாற்பது பஸ், கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ.

குடோன் நன்றாக இருக்கிறது. தரை மட்டம், சரிவு, பாத்ரூமில் கைப்பிடி. அமுதாவின் நோட்டில் எல்லாக் கட்டத்துக்கும் டிக் விழும். பழைய மூட்டை வாசனை இல்லை, பால் பவுடர் வாசனை. சரக்கு வரவு எழுதும் இன்வர்ட் ரிஜிஸ்தரைத் திருப்பியதும் கை தானாகக் கட்டங்களைத் தேடியது.

இன்டர்வியூ பத்து நிமிடம். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் ஃபைலிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தேன். முன்னால் எடுக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

"இது அன்னிக்கே குடுக்கச் சொன்னாங்க. நான் குடுக்கல."

பையன் படித்தான். இரண்டு தடவை.

"நல்ல ப்ரொஃபைலா இருக்கே சார். அன்னிக்கே வந்திருந்தா பாத்திருக்கலாம்." என் முகத்தைப் பார்க்காமல் டிராயரைத் திறந்தான். "அடுத்த எடம் வந்தா பாக்குறோம்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அமுதாவுக்குப் போன் போட்டேன். இனியும் ஒரு டீ குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அன்னிக்கு ஒங்க பேப்பர நான் குடுக்கல அமுதா. குடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன். அந்த வேலை எனக்கு ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம். இரண்டு விசில் போனது.

"தெரியும் சார். வெள்ளிக்கெழமையே கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டேன். அமுதான்னு எதுவும் வரல, சேவியர்னு ஒருத்தர எடுத்துட்டோம்னாங்க."

மேசையில் கிடந்த கவரைக் குப்புறப் போட்டேன்.

"சனிக்கெழம நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார். டீ முடியற வரைக்கும் பாத்தேன்."

"தப்புதான்."

"சரி. அடுப்புல வேலை இருக்கு, வெக்கிறேன்."

திட்டவில்லை. அழவும் இல்லை. அப்புறம்தான் செருப்பைக் கழற்றினேன். லூர்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்றும் இல்லை. பாஷா பாயிடம் ஷூவைக் கொடுத்துவிட்டேன், யாருக்காவது ஆகும். அமுதாவிடமிருந்து செய்தி இல்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது.

ஜூன் 25, புதன்

மழை, ஒரு வழியாக. துணி எடுக்க ஓட முடியாது, நனைந்தது நனைந்ததுதான்.

பன்னிரண்டரைக்குத் தெரியாத நம்பர். ஓமந்தூர் ரோடு விதைக் கம்பெனி. அன்று என் பேரை எழுதிக்கொண்ட விஷயமாக்கும் என்று நினைத்தேன்.

"அமுதான்னு ஒரு கேண்டிடேட். தெரிஞ்சவங்கன்ற எடத்துல உங்க பேரு இருக்கு. ஆளு எப்டி சார், நம்பலாமா?"

சனிக்கிழமை எழுதிய ஃபாரம். அவருக்கு எல்லாம் தெரிந்தது வெள்ளிக்கிழமை. எழுதும்போதே தெரியும். பிறகாவது என் பேரை எடுத்துவிட்டிருக்கலாம். மறந்திருப்பாரோ என்று பார்த்தேன். அமுதா மறக்கிற ஆள் இல்லை.

"நம்பலாம்" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஏழு வருடம் ஸ்டோர்ஸ், இருப்புச் சரிபார்ப்பு, அந்த நோட்டு, நாலரை மணிக்கு எழுந்து ரயில் பிடித்தது. எனக்காக இவ்வளவு நேரம் நான் எங்கேயும் பேசியதில்லை. அந்த ஆள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க ஆபீஸ் கீழயா, மாடியா?" என்று கேட்டேன்.

"மாடி சார். ஏன்?"

"அவங்களால ஏற முடியாது. அவங்க மேசைய கீழ போட்டுட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"அது எங்க எம்.டி.தான் முடிவு பண்ணணும். நான் சொல்லி வைக்கிறேன் சார்."

"அவரு இப்ப ஆபீஸ்ல இருக்காரா?"

"இருக்காரு. ஏன் சார்?"

போய்ச் சொல்லிவிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன் என்றேன்.